சிவிக் ஈகே3க்கு எஸ்ஐஆர் பிரேக்: திருகோணமலைக் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கார் ஹொண்டா சிவிக் ஃபெரியோ, ஈகே3. 1.5 லீற்றர் டி15பி எஞ்சின், ஓட்டோ கியர், ஏபிஎஸ் இல்லை. முன்னால் 240 மி.மீ. டிஸ்க், பின்னால் ட்ரம், 13 அங்குல இரும்பு ரிம்மில் 175/70 டயர். உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட, கூரையில்லாத முற்றத்தில் நிற்கும் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். விற்றால் திரும்ப வாங்க முடியாது என்று அந்த ஐந்து வருடமும் வைத்துத் திருத்தி ஓட்டிய பழைய கார்களில் இதுவும் ஒன்று.

முறைப்பாடு இது. ஐந்து பேரோடு நுவரெலியா போய், றம்பொடைப் பக்கத்தால் இறங்கும்போது முதலில் கருகல் மணம். பிறகு பெடல் மெதுமெதுவென்று தாழ்ந்து, கம்பளைக்குக் கிட்ட வரும்போது அடித்தட்டைத் தொட்டிருக்கிறது. ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்த பிறகு பெடல் பழையபடி. திருகோணமலைக்குத் திரும்பி வந்ததும் சொந்தக்காரர் கேட்டது ஒன்றுதான்: "எஸ்ஐஆர் பிரேக் பூட்டித் தாங்க அண்ணன்." எஸ்ஐஆர் என்பது இதே சிவிக்கின் வேகமான வகை, ஈகே4; அதன் பிரேக் பெரிது.

கேட்டதைப் பூட்டுவதற்கு முன் காருக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். சூட்டில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம். பெடல் கல்லுப்போல நிற்கும், எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்காது என்றால் பட் (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் தட்டு) சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் கீழே போனால் பிரேக் ஒயில் கொதித்து, குழாய்க்குள் நீராவிக் குமிழி வந்திருக்கிறது. குமிழி அமுங்கும், ஒயில் அமுங்காது. குளிர்ந்ததும் குமிழி கரைந்து பெடல் திரும்பி வரும். இந்தக் கார் இரண்டாவது விதம். புதிய டொட் 3 தரப் பிரேக் ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியதற்கு 140. டொட் 4க்கு அதே கணக்கு 230, 155. இந்த ஒயில் காற்றின் ஈரத்தை ரப்பர் ஹோஸ் வழியாகவே உறிஞ்சும். கடற்கரை ஊரில் வருடக்கணக்கில் மாற்றாத ஒயில் எந்தப் பக்கம் நிற்கும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒயில் தாங்கியில் இருந்தது தேயிலைச் சாய நிறம்.

மலை இறக்கத்தின் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஆட்களோடு கார் ஏறத்தாழ 1,400 கிலோ. மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் பிரேக் விழுங்கும் சக்தி சுமார் 540 கிலோ ஜூல். 100 மீற்றர் உயரம் இறங்கினால் 1,370 கிலோ ஜூல், அதாவது இரண்டரைத் தடவை நிறுத்தியதற்குச் சமம். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. கம்பளை 500 மீற்றருக்கும் கீழே. மொத்த இறக்கம் 100இலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட தடவை நிறுத்தியதற்குச் சமம். அதில் காற்றும் டயரும் ஒரு பங்கைத் தாங்கும், எஞ்சின் ஒரு பங்கைத் தாங்கும். ஆனால் கியர் நெம்பு முழு வழியும் 'டி'யிலேயே இருந்தால் எஞ்சின் பெரிதாக ஒன்றும் தாங்காது. இங்கே அப்படித்தான் இருந்திருக்கிறது.

அப்படியென்றால் ஒயிலை மாற்றி, 'இறக்கத்தில் இரண்டாம் கியரில் வாங்க' என்று அனுப்பினால் போதாதா? இந்த முறைப்பாட்டுக்கு மட்டும் என்றால் முக்கால்வாசி போதும். அதைச் சொந்தக்காரரிடம் சொல்லவும் வேண்டும்; சொல்லாமல் பெரிய சாமான் விற்பது நியாயமில்லை. ஆனால் கழற்றிப் பார்த்தபோது கதை மாறியது. முன் டிஸ்க் இரண்டும் குறைந்தபட்சத் தடிப்பான 19 மி.மீ.க்குக் கீழே. நடுவிலுள்ள காற்று வழிகளில் கறள் பொருக்கு அடைத்து, சில துளைகள் வெளிச்சம்கூட விடவில்லை. இரண்டு கலிப்பர்களிலும் (பிஸ்டனால் பட்களை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) அது வழுக்கி நகரும் ஊசிகளில் ஒன்றான கீழ்ப் 'பின்' இறுகிப்போய், உள்பட் தகடுவரை தேய்ந்திருக்க வெளிப்பட் பாதிக்கு மேல் மிச்சம். பிஸ்டனின் குரோம் பூச்சில் குழி. டிஸ்க், பட், கலிப்பர், பெயரிங் எல்லாம் எப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்ற நிலையில், ஈகே4 எஸ்ஐஆரின் 262 மி.மீ. தொகுதிக்குப் போவதால் கூடும் செலவு நக்கிளும் (சில்லையும் கலிப்பரையும் தாங்கும் வார்ப்புத் துண்டு) ரிம்மும்தான். அந்தக் கணக்கில்தான் வேலை தொடங்கியது.

எதிர்பார்ப்பையும் முதலிலேயே அளந்து வைக்க வேண்டும். பழைய 240 மி.மீ. டிஸ்க்கே 60 கி.மீ. வேகத்தில் சில்லைச் சுழலாமல் பூட்டிவிடும். சில்லு பூட்டிய பிறகு டிஸ்க்கின் விட்டத்துக்கு வேலை இல்லை. மிச்சம் டயருக்கும் தாருக்கும் இடையிலான விவகாரம். எனவே ஒரே ஒரு அவசர நிறுத்தத்தில் தூரம் குறையும் என்று யாரும் நம்பிக் காசு செலவழிக்கக் கூடாது. கிடைப்பது சூட்டுக்கான இடம். இரண்டு டிஸ்க்கும் 21 மி.மீ. தடிப்புத்தான். விட்டங்களின் வர்க்கத்தை ஒப்பிட்டால் புதியதில் இரும்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூட. அதே சூடு கூடிய இரும்பில் பரவும், கூடிய பரப்பால் ஆறும். ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு மடங்கு அல்ல.

சாமான் எடுத்த விதம்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் எஸ்ஐஆர் தொகுதி என்று கேட்டால் கலிப்பர் இரண்டை மட்டும் தூக்கித் தருவார்கள். அது போதாது. 240 மி.மீ. காரின் நக்கிளில் 262க்கான கலிப்பர் தாங்கி பூட்டுப்படாது. நக்கிளோடு எடுக்க வேண்டும். தாங்கியை வெல்டிங் வைத்து ஒப்பேற்றிய கார்கள் ஓடுகின்றன. அந்த வேலைக்கு இங்கே இடமில்லை.

நக்கிளை ஈகே4 இலிருந்தே எடுக்க வேண்டும். கலிப்பரும் டிஸ்க்கும் நாலு போல்ட் ஹொண்டா டிசி2 இன்டெக்ராவிலிருந்து வந்தாலும் சரி. ஆனால் வேறு குடும்பத்து நக்கிளில் மேல் கை ஏறும் உயரமும் ஸ்டியரிங் கையின் இடமும் மாறினால், பள்ளத்தில் விழும்போதெல்லாம் சில்லு தானாகத் திரும்பும். அலைன்மென்ட் மேசையில் இது தெரியாது, ரோட்டில்தான் தெரியும். 98 ஸ்பெக் இன்டெக்ரா டைப் ஆரின் 282 மி.மீ. தொகுதி ஐந்து போல்ட். விலை மலிவாகக் கிடைத்தாலும் இந்தக் காருக்கு அது வேண்டாம்.

எடுத்தவை: வலம் இடம் நக்கிள் ஒவ்வொன்று, அவற்றோடு வரும் பெரிய தூசித்தட்டு, கலிப்பரும் தாங்கியும் இரண்டு. இவை பாவித்தவை. புதிதாக: டிஸ்க் 2, முன் பட் ஒரு செட், சில்லு பெயரிங் 2, சேர்க்கிளிப் (பெயரிங்கைப் பிடித்து நிற்கும் வளையம்) 2, கீழ் போல் ஜொயின்ற் 2, கலிப்பர் சீல் கிட் 2, கலிப்பர்ப் பின்னுக்கான ரப்பர் பூட் 4, முன் ஹோஸ் 2, செப்பு வோஷர் 4, அக்ஸில் நட்டு 2, பிளவு ஊசி 6, பின் சில்லுக்கு லைனர் (ட்ரம்மை உள்ளிருந்து பிடிப்பது) ஒரு செட், அதைத் தள்ளும் வீல் சிலிண்டர் 2, டொட் 4 ஒயில் ஒன்றரை லீற்றர். இவற்றோடு 14 அங்குல அலோய் நான்கும் 185/60ஆர்14 டயர் நான்கும். பழைய 175/70ஆர்13 டயரின் வெளிவிட்டம் 575 மி.மீ., புதியதன் விட்டம் 578. வேகமானி பொய் சொல்லாது.

கடையில் நின்றே செய்ய வேண்டிய சோதனை நான்கு. தூசி ரப்பரை விரலால் தூக்கிப் பிஸ்டனின் பக்கத்தைப் பார்க்க வேண்டும்: மங்கல் பரவாயில்லை, நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் வேண்டாம். கலிப்பர்ப் பின் இரண்டும் கையால் இழுபட வேண்டும். ஹப்பின் (சில்லு பூட்டுப்படும் சுழல் தலை) உட்பற்களை எண்ணித் தன் காரின் அக்ஸில் பற்களோடு ஒப்பிட வேண்டும். வலமும் இடமும் ஒரே காரில் இருந்து வந்தவைதானா என்று கேட்க வேண்டும். நான்காவது கேள்விக்கு எப்போதும் 'ஓம்' என்றுதான் பதில் வரும், ஆனாலும் கேட்க வேண்டும்.

பாவித்த டிஸ்க் மட்டும் எந்த விலைக்கும் வாங்குவதில்லை.

நக்கிள், பெயரிங், கலிப்பர்

பாவித்த நக்கிளில் வரும் பெயரிங்கை நம்பக் கூடாது. ஹப்பை வெளியே அடித்தாலே பெயரிங் போய்விடும், உள்வளையத்தில் ஒரு பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கீறிப் பிளந்து எடுக்க வேண்டும். ஹப்பின் தண்டில் வெட்டு விழாமல் கிரைண்டரை நிறுத்தத் தெரிந்த கை வேண்டும்.

புதிய பெயரிங் இறக்குவதில்தான் பல கராஜ்களில் பிழை நடக்கிறது. நக்கிளுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அமுக்க வேண்டும். சேர்க்கிளிப் போட்ட பிறகு ஹப்பை மேலிருந்து அமுக்கும்போது பெயரிங்கின் உள்வளையத்துக்குக் கீழே குழாய்த் துண்டு முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் நக்கிளை மட்டும் தாங்கிக்கொண்டு அமுக்கினால் முழு அழுத்தமும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் போடும். அன்று சத்தம் வராது. சில ஆயிரம் கி.மீ. கழித்து 60க்கு மேல் ஊளை வரும், பழி பெயரிங்கின் பெயருக்குப் போகும்.

எடுத்த நக்கிள் ஏபிஎஸ் காருடையது. சென்சர் துளை திறந்தே இருந்தது. இதை அப்படியே விட்டால் மழைத்தண்ணீரும் மணலும் உள்ளே போய் பெயரிங் சீலைத் தின்னும். ரப்பர் அடைப்பான் வைத்து மூடியாயிற்று.

கலிப்பரில் பிஸ்டனைக் காற்றழுத்தத்தால் வெளியே தள்ளும்போது எதிரே மரத்துண்டு இருக்க வேண்டும், விரல் இருக்கக் கூடாது. சீல் உட்காரும் பள்ளத்தின் அடியில் உப்புக் கறள் திரண்டிருந்தது. இதுதான் கடற்கரைக் கலிப்பரின் உண்மையான நோய். பிஸ்டனைப் பளபளப்பாக்கிப் புதுச் சீல் போட்டாலும், பள்ளத்தின் அடியில் பொருக்கு இருந்தால் சீல் மேலெழும்பிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். பித்தளைக் கம்பியை வளைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும், உளி கூடாது.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் எடுக்கும் பழக்கத்தை இங்கே நிறுத்தியாக வேண்டும். எஞ்சின் சாமானுக்கு அது நல்லது. பிரேக் ரப்பர் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகை. மண்ணெண்ணெய், பெற்றோல், சாதாரணக் கிரீஸ் எது பட்டாலும் ஊதிப் பெருக்கும். கலிப்பரைக் கழுவிய டின்னில் மிச்சமிருந்த சொட்டு போதும், புதுச் சீல் ஒரு மாதத்தில் பிஸ்டனை இறுக்க. பிரேக் கிளீனர் அல்லது மதுசாரம், கடைசியில் புதிய பிரேக் ஒயிலால் ஒரு அலசல். பின்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ், பட்டாணியளவு. கூடப் போட்டால் துளைக்குள் காற்று அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளும்.

பழைய டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஆறு மி.மீ. ஆணிகள் ஹொண்டா வைத்திருப்பவர் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. அளவு மூன்று ஜப்பானிய நுனி பூட்டிய அடிசாவியால் நேராக அடித்துத் திருப்பினால் வரும். சாதாரண ஸ்குரூட்ரைவர் வைத்தால் தலை வழுக்கும். வழுக்கிவிட்டால் தலையைத் துளைத்து எடுத்துவிடலாம்; ஓடும்போது டிஸ்க்கை ஹப்போடு இறுக்கி வைப்பது சில்லு நட்டுகள்தான், அந்த ஆணிகள் அல்ல. டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் கறள் பொருக்கு ஒரு துளி இருந்தாலும் டிஸ்க் கோணலாக நிற்கும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் 0.10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இடப்பக்கம் அதைவிடக் கூடுதலாகக் காட்டியது. டிஸ்க்கைக் கழற்றி முகத்தை மீண்டும் துலக்கி, ஒரு துளை தள்ளிப் பூட்டியதும் அளவுக்குள் வந்தது. லேத்துக்கு ஓட வேண்டிய தேவை வரவில்லை.

இறுக்கிய அளவுகள், நியூட்டன் மீற்றரில்: கலிப்பர் தாங்கி போல்ட் 108, ஹோஸ் பான்ஜோ போல்ட் 34, காற்றெடுக்கும் ஆணி 9, கீழ் போல் ஜொயின்ற் 49 முதல் 59, மேல் போல் ஜொயின்றும் டை ரொட்டும் 39 முதல் 47, அக்ஸில் நட்டு 181, சில்லு நட்டு 108. பிளவு ஊசித் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது. அக்ஸில் நட்டை இறுக்கிய பிறகு அதன் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர்: கணக்குப் பார்க்காமல் கை வைக்கக் கூடாத இடம்

மாஸ்டர் என்பது பெடலை மிதிக்கும்போது ஒயிலை அழுத்தித் தள்ளும் சிலிண்டர். 'கலிப்பர் பெரிதானால் மாஸ்டரும் பெரிதாக வேண்டும்' என்ற பேச்சைக் கேட்டு நேராக எஸ்ஐஆரின் 15/16 அங்குல மாஸ்டருக்குப் போகிறவர்கள் அதிகம். பெடல் கல்லுப்போல ஆகிவிடும். 'ஆ, இதுதான் ரேஸ் பிரேக்' என்று மகிழ்ச்சி. எண்களை வைத்துப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி நிலைக்காது.

கலிப்பர் பிஸ்டனை வேர்னியரால் அளந்ததில் பழையது 54, புதியது 57 மி.மீ. பரப்பு 11 சதவீதம் கூடுகிறது. பட் பிடிக்கும் இடம் நடுவிலிருந்து சராசரியாக 11 மி.மீ. வெளியே போனதில் நெம்பு நீளம் இன்னொரு 11 சதவீதம். இரண்டையும் பெருக்கினால், அதே ஒயில் அழுத்தத்துக்கு முன் சில்லில் 23 சதவீதம் கூடிய பிடி. பழைய 13/16 அங்குல மாஸ்டரையே விட்டால் கால் பாரம் மாறாமல் முன்பக்கம் இவ்வளவு கூடும், பின்பக்கம் அப்படியே நிற்கும். முன் சில்லு முந்திப் பூட்டும். மழை ரோட்டில் இது நல்லதல்ல. கூடவே, பட் ஒரே தூரம் நகர்வதற்கு 11 சதவீதம் கூடிய ஒயில் வேண்டும். பெடல் ஆழம் கூடும்.

15/16க்குப் போனால் மாஸ்டரின் பரப்பு 33 சதவீதம் கூடும். அதே கால் பாரத்துக்கு அழுத்தம் நாலில் மூன்று பங்காகக் குறையும். முன்னால் 1.23ஐ 1.33ஆல் வகுத்தால் 0.92. அதாவது பெரிய டிஸ்க், பெரிய கலிப்பர் எல்லாம் பூட்டிய பிறகும் அதே காலுக்குப் பழைய காரைவிடக் குறைந்த பிடி. பின் ட்ரம்முக்குக் கிடைப்பது 75 சதவீதம். எஸ்ஐஆர் காரில் அந்த மாஸ்டர் பொருந்துவது பின்னாலும் டிஸ்க் இருப்பதால். ட்ரம் காரில் பூட்டிவிட்டுக் காலை உதைத்து மிதிப்பது எதற்கு?

7/8 அங்குலம் நடுவில் நிற்கிறது. பரப்பு 16 சதவீதம் கூடுகிறது, முன்னால் 1.23ஐ 1.16ஆல் வகுக்க 1.06, பின்னால் 0.86. முன்பக்கம் சற்றே கூடிய பிடி, பெடல் ஆழம் ஏறத்தாழப் பழைய அளவு. பின்பக்கத்துக்கு இழந்த பங்கைச் சரிக்கட்டத்தான் புது லைனரும் புது வீல் சிலிண்டரும்: ஒயில் கசிந்து ஊறிய பழைய லைனர் எப்படியும் 86 சதவீதத்துக்குக் கீழேதான் வேலை செய்திருக்கும். எந்த மாஸ்டர் எந்தக் காரில் வந்தது என்று கடைக்காரர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டாம். அளவு சிலிண்டர் உடலிலேயே வார்ப்பு எழுத்தில் இருக்கும். கறளைத் துடைத்து வாசிக்க வேண்டும்.

பின் டிஸ்க்கும் போட்டால் என்ன என்ற கேள்வி வந்தது. டிரெய்லிங் ஆர்ம் இரண்டு, ஹேண்ட் பிரேக் கேபிள், அழுத்தம் பிரிக்கும் வால்வு, இவை அனைத்தும் மாற வேண்டும். ட்ரம் காரின் வால்வை விட்டுவிட்டுப் பின் டிஸ்க் பூட்டினால் பங்கீடு பிழைக்கும். இந்தக் காரின் பயன்பாட்டுக்கு அந்தச் செலவுக்கு நியாயம் இல்லை.

பிழைத்த இடங்கள்

முதலாவது, பெடல் பஞ்சு. நாலு சில்லிலும் காற்றெடுத்து, அரை லீற்றர் ஒயில் வெளியே விட்டும் இறுகவில்லை. மாஸ்டர் பழுது என்று கழற்றப் போகும் நேரத்தில்தான் கண்ணில் பட்டது: காற்றெடுக்கும் ஆணி கலிப்பரின் கீழ்ப்பக்கம். கழுவி எடுக்கும்போது வலமும் இடமும் மாறியிருக்கிறது. இரண்டும் எந்தப் பக்கத்திலும் பூட்டுப்படும், ஆனால் காற்று மேலே நிற்கும், ஆணி கீழே நிற்கும். நாள் முழுக்க மிதித்தாலும் அந்தக் குமிழி வெளியேறாது. பக்கம் மாற்றிப் பூட்டியதும் இரண்டு மிதியில் பெடல் நின்றது. கழற்றும்போதே பெயின்ட் பேனாவால் 'வ', 'இ' என்று எழுதிவிடுவது இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது, 14 அங்குல ரிம். ஹொண்டாவின் சொந்த 14 அங்குல ரிம் 262 தொகுதியைத் தாண்டிப் போகும், 13 போகவே போகாது. வெளிச்சந்தை 14களில் சில போகும், சில முட்டும். டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மைப் பூட்டிச் சுற்றிப் பார்த்தபோது கலிப்பருக்கும் ரிம்முக்கும் மூன்று மி.மீ. இருந்தது. போதும் என்று டயர் ஏற்றினால், பாலன்ஸ் பண்ணும் இடத்தில் உள்பக்கம் ஒட்டும் ஈயத்துண்டை அதே வளையத்தில் ஒட்டிவிட்டார்கள். முதல் சுற்றிலேயே 'டக் டக்'. துண்டை உள்விளிம்புக்குத் தள்ளி ஒட்டச் சொல்ல வேண்டியதாயிற்று.

மூன்றாவது கொஞ்சம் வில்லங்கமானது. முதல் ஓட்டத்தில் ஐந்தாறு கி.மீ. வரை எல்லாம் சரி. பிறகு கார் தானாக இழுபட்டது, பெடல் மேலே மேலே ஏறி இறுகியது. ரிம் கையில் சுட்டது. கலிப்பர் பின் இறுக்கம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டு முன் சில்லும் ஒன்றாக, பின் ட்ரம்மும் இளஞ்சூடாக என்றால் நோய் சில்லில் இல்லை, மேலே. காற்றெடுக்கும் ஆணியைத் திறந்ததும் சில்லு விட்டால் ஒயில் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. மாஸ்டரை பூஸ்டரோடு (கால் பாரத்தைப் பெருக்கும் பகுதி) இணைக்கும் இரண்டு நட்டையும் தளர்த்திச் சிலிண்டரை முன்னால் இழுத்ததும் விட்டால் பூஸ்டர் தண்டு நீளம். இங்கே அதுதான். புது மாஸ்டரின் பிஸ்டன் பள்ளம் ஆழம் குறைவு, பழைய தண்டு அதைச் சற்றே தள்ளிக்கொண்டே இருந்தது. பிஸ்டன் முழுதாகத் திரும்பாவிட்டால் ஒயில் தாங்கிக்குப் போகும் சிறு துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் ஒயிலுக்கு வெளியேற வழி இராது, பட்டைத்தான் தள்ளும். தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பூச்சியத்துக்கும் 0.4 மி.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும். தண்டின் நுனியைச் சுருக்கியதும் தீர்ந்தது. மாஸ்டர் மாற்றும் எவரும் இதை அளக்காமல் பூட்டக் கூடாது. மலை இறக்கத்தில் இப்படி இறுகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, எதிர்பார்த்தே இருந்தது: பின்னால் போகும் இரும்புக் குழாயின் நட்டு கறளில் குழாயோடு ஒன்றாகிவிட்டது. பத்து மி.மீ. குழாய்ச்சாவி வைத்தும் குழாய் சேர்ந்து முறுகியது. முறுகிய குழாயை நேராக்கிப் பாவிப்பதில்லை. 3/16 அங்குல செப்பு நிக்கல் குழாய் எடுத்து, எம்10 ஒரு மி.மீ. மறை நட்டுப் போட்டு, இரட்டை மடிப்பு விளிம்பு அடித்துப் பூட்டியது. ஒற்றை மடிப்பு இங்கே கசியும். சுத்தச் செப்புக் குழாய் குளிரூட்டிக்குத்தான் சரி, அதிர்வில் வெடிக்கும்.

காற்றெடுப்பும் ஓட்டமும்

மாஸ்டரை மேசையில் வைத்தே ஒயில் நிரப்பி, சிறு குழாய் இரண்டால் ஒயில் தாங்கிக்குத் திருப்பி, குமிழி நிற்கும்வரை மெதுவாக அமுக்கிவிட்டுத்தான் காரில் பூட்ட வேண்டும். அடுத்து பின் லைனர் சரிக்கட்டல். ட்ரம்மில் லேசான உரசல் கேட்கும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, சற்றுப் பின்வாங்கி விடுவது. இதைச் செய்யாமல் 'பெடல் ஆழம்' என்று காற்றெடுத்துக்கொண்டே இருப்பவர்கள் ஒயில் கடைக்குத்தான் இலாபம் கொடுக்கிறார்கள். ஈகேயின் குழாய்கள் மூலைக்கு மூலை இரண்டு சுற்று. வலப்பக்க ஸ்டியரிங் காரில் மாஸ்டருக்கு மிகத் தூரம் இடப் பின் சில்லு. அதில் தொடங்கி அதன் சோடியான வலமுன், பிறகு வலப்பின், இடமுன். பெடலை அடிவரை மிதிக்காமல் கீழே ஒரு மரத்துண்டு வைப்பது நல்லது. பழைய மாஸ்டராக இருந்தால் ஓடாத பகுதியின் கறள் சீலைக் கீறும். புதியதற்கும் பழக்கம் கெடாது.

ஹோஸ் இரண்டையும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, சில்லு தொங்கும் நிலையிலும் பார்க்க வேண்டும். இழுபடவும் கூடாது, டயரில் உரசவும் கூடாது.

பட் பழக்கும் ஓட்டம் நிலாவெளி ரோட்டில், ஆள் நடமாட்டம் வர முன், விடியலில். மாடு படுத்திருக்காத துண்டாகப் பார்க்க வேண்டும், அது அங்கே சுலபமில்லை. 60இலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், நடுத்தர அழுத்தத்தில் பத்துத் தடவை; ஒவ்வொன்றுக்கும் இடையே அரைக் கி.மீ. ஆற விட்டு. கடைசியில் பிரேக் மிதிக்காமல் சில கி.மீ. ஓடி ஆற்றுவது. சூடாக நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டே நின்றால் பட்டின் தடம் டிஸ்க்கில் பதியும். பிறகு 'டிஸ்க் வளைஞ்சு போச்சு' என்று வரும் நடுக்கத்தில் பாதி இந்தத் தடம்தான்.

நக்கிள் மாறியதால் அலைன்மென்ட் கட்டாயம்.

அதன் பிறகு ஐந்து பேரோடு ஏ6 வழியாகக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, அங்கிருந்து கண்டி ஊடாக அதே மலைக்குப் போய் அதே றம்பொடை இறக்கம். இம்முறை கியர் நெம்பு இரண்டில். கம்பளையில் பெடல் வீட்டில் இருந்த உயரத்திலேயே இருந்தது, மணம் இல்லை. இதில் எவ்வளவு டிஸ்க்குக்கு, எவ்வளவு ஒயிலுக்கு, எவ்வளவு அந்த நெம்புக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் ஒன்றாகத்தான் மாற்றியது. ஒழுங்கு வரிசை போடச் சொன்னால் நெம்பு முதல், ஒயில் இரண்டாவது, டிஸ்க் மூன்றாவது. செலவு நேர் எதிர் வரிசையில்.

பராமரிப்பில் இனி மூன்று மாற்றம். ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கி.மீ. பார்க்காமல். பின்களைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைப்பது ஒவ்வொரு வருடமும், மார்கழி மழை முடிந்து தை பிறந்ததும். ரிம் வழியே தண்ணீர் பீச்சி டிஸ்க்கின் உள்வழிகளைக் கழுவுவது உப்புவெளியில் நிற்கும் காருக்கு வாராந்த வேலை. ஆறிய பிறகு, சூட்டில் அல்ல. காப்புறுதிக் கொம்பனிக்கு மாற்றத்தைக் கடிதமாக அறிவித்துப் பிரதியைக் காரிலேயே வைத்தாயிற்று.

மிச்சமிருப்பது டிக்கியில். உதிரிச் சில்லு இன்னும் பழைய 13 அங்குலம். முன்னால் பஞ்சர் ஆனால் அது கலிப்பரில் முட்டும், பூட்டுப்படாது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில், யானை கடக்கும் துண்டில், ஜக் வைத்த பிறகு இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. 14இல் ஒன்று கிடைக்கும்வரை வழி: பின் சில்லு ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, 13ஐப் பின்னால் பூட்டுவது. ட்ரம்மில் அது ஏறும், வெளிவிட்டமும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டு தடவை ஜக் போட வேண்டும். அலோய் நட்டு இரும்பு ரிம்மில் சரியாக உட்காருமா என்பதைப் பகலிலேயே ஒருமுறை பூட்டிப் பார்த்து, உட்காராவிட்டால் பழைய நட்டு நாலையும் ஒரு பையில் போட்டு உதிரிச் சில்லுக்குள் வைக்க வேண்டும்.